டர்பன்ல கிரிமினல் வக்கீல்: நாங்க போற ஆபீஸ் எப்படி?

இந்தியாவுல இருந்து இங்க தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்த பசங்க யாராவது கேஸ்ல மாட்டிக்கிட்டா, எந்த வக்கீலைப் பாக்கறதுன்னு கேட்டா "கோவில்ல யாரையாவது கேளு"ன்னுதான் பதில் வரும். நாங்களும் அப்படிக் கேட்டுத்தான் போனோம். மச்சான் கேஸ் இன்னும் முழுசா முடியல, அதனால வக்கீல் பேரை இங்க போடல, ஆனா ஆபீஸ் எப்படி, எதைப் பாத்து வக்கீலைப் பிடிக்கணும்னு எழுதறேன். ரேட்டிங் 5க்கு 4.

மச்சான் குடிச்சிட்டு வண்டி ஓட்டினதுதான் கேஸ். சனிக்கிழமை ராத்திரி, உம்கேனி ரோட்ல போலீஸ் மறிச்சு ஊதச் சொன்னாங்க, மிஷின் லிமிட்டுக்கு மேல காட்டிடுச்சு, ஸ்டேஷனுக்குக் கொண்டு போயி ரத்தம் எடுத்துட்டு செல்லுல போட்டுட்டாங்க. இங்க லிமிட் ரத்தத்துல 100 மில்லிக்கு 0.05 கிராம், மூச்சுல 1000 மில்லிக்கு 0.24 மில்லிகிராம். ரெண்டு பீரு தானேன்னு நெனைக்கிறவங்க இந்த நம்பரை ஒரு தடவ பாத்துக்கோங்க.

அந்த ராத்திரி முதல்ல கெடச்சது வேற ஒரு ஆளோட நம்பர். லானி (இங்க பகட்டுக்கு அப்படித்தான் சொல்லுவாங்க) ஆபீஸ், பெரிய போர்டு, போன்ல பேச்சும் தேன் மாதிரி. "டாக்கெட்டையே காணாம ஆக்கிடலாம், கேஷா கொண்டாங்க, ரசீது கேக்காதீங்க"ன்னாரு. டாக்கெட்னா போலீஸோட கேஸ் பைல். எந்த ஊர் வக்கீலா இருந்தாலும் இப்படி ஒருத்தர் பேசினா போனை வெச்சிடுங்க, டாக்கெட்டைத் தொலைக்கறது தனி கிரைம், அப்புறம் மச்சானுக்கு ஒரு கேஸு, நமக்கு ஒரு கேஸுன்னு ஆயிடும்.

இப்ப கேஸைப் பாக்குற வக்கீல் அங்கிள் (இங்க பெரியவங்க எல்லாருமே அங்கிள், ஆன்ட்டிதான்) கேட்ட முதல் கேள்வியே வேற. "எத்தனை மணிக்கு வண்டியை நிறுத்தினாங்க, எத்தனை மணிக்கு ஊசி போட்டாங்க?" 2 மணி நேரத்துக்குள்ள ரத்தம் எடுத்திருந்தா, அந்த ரிசல்ட்ல இருக்கற அளவுதான் வண்டி ஓட்டறப்பவும் இருந்துச்சுன்னு சட்டம் எடுத்துக்கும், அதைத் தாண்டிட்டா அரசு தரப்பு தனியா நிரூபிக்கணும். அடுத்து மச்சான்கிட்ட பேசணும்னு ஸ்டேஷனுக்கே போன் போட்டு, "பேரு அட்ரஸ் குடு தம்பி, வேற எந்த ஸ்டேட்மென்ட்லயும் கையெழுத்துப் போடாத"ன்னாரு. வாயைத் தொறக்காம இருக்கறதும், வக்கீலைக் கேக்கறதும் இந்த ஊரு கான்ஸ்டிடியூஷன்ல 35ஆம் பிரிவுல இருக்கற உரிமை. 48 மணி நேரத்துக்குள்ள கோர்ட்ல நிறுத்தணும்னும் அதே பிரிவுதான் சொல்லுது, ஆனா அந்த 48 மணி நேரம் கோர்ட் இல்லாத நேரத்துல முடிஞ்சா அடுத்த கோர்ட் நாள் வரைக்கும் வெச்சிருக்கலாம், அதனால வார கடைசியில பிடிபட்டா கணக்கு இழுத்துக்கிட்டே போகும். சின்ன குற்றம்னா கோர்ட்டுக்கு முன்னாடியே ஸ்டேஷன்லயே பெயில் குடுக்கலாம், அங்கிள் அதைத்தான் பேசி முடிச்சாரு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோத்துக்கு மச்சான் வீட்ல இருந்தான். பெயில் காசு வக்கீல் பீஸ் இல்ல, அது வேற இது வேற, கேஸ் முடிஞ்சதும் கட்டுனவங்களுக்குத் திரும்பி வரும், ரசீது முக்கியம். எங்க வீட்ல அது சாமி ரூம்ல குங்குமச் சிமிழுக்குக் கீழ இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மறுநாள் ஆபீஸ்ல நடந்த பேச்சு. என் பொண்டாட்டிக்குத் தம்பி மேல அப்படி ஒரு கோவம், "குடிச்சது நெஜம், அதுக்கு எதுக்கு அங்கிள் வக்கீலு, தப்ப ஒத்துக்கிட்டு பைனைக் கட்டிட்டு வரட்டும்"னு பொரிஞ்சுட்டா. அவர் கோவப்படவே இல்ல. "குடிச்சான்னு கேஸ் இல்லம்மா, வண்டி ஓட்டறப்ப ரத்தத்துல இவ்வளவு இருந்துச்சுங்கறதுதான் கேஸ். அந்த அளவை அவங்க நிரூபிக்கணும். யாரு ஊசி போட்டா, டியூப்ல சீல் நம்பர் என்ன, லேபுக்குப் போனது அதே டியூப்தானா, இதெல்லாம் பாக்கத்தான் நான் இருக்கேன். சரியா இருந்தா நானே ஒத்துக்கச் சொல்லுவேன்." பைன் கட்டறதைப் பத்தியும் தெளிவா சொன்னாரு, காசைக் கட்டுனாலும் கிரிமினல் ரெக்கார்டு உக்காந்துடும், அதை அழிக்கணும்னா 10 வருஷம் கழிச்சு அப்ளை பண்ணணும், அதுவும் எல்லாருக்கும் கெடைக்காது. வொர்க் விசாவுல இருக்கறவங்களுக்கு போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் கேப்பாங்களே, அங்கதான் இது இடிக்கும்.

இன்னொரு விஷயமும் இவர்கிட்டதான் தெரிஞ்சுக்கிட்டேன். ரத்த ரிசல்ட் லேபுல இருந்து வர ரொம்ப லேட்டாகும், அதனால கோர்ட்ல கேஸை வித்ட்ரா பண்ணிடுவாங்க, உடனே ஜெயிச்சாச்சுன்னு கேக் வெட்டக்கூடாது, ரிசல்ட் வந்ததும் திரும்ப சம்மன் வரும். எங்க கேஸ் இப்ப அங்கதான் நிக்குது. டாக்கெட்ல இருக்கற சாட்சி ஸ்டேட்மென்ட் நகலை அங்கிள் வாங்கி வெச்சிருக்காரு, 1995ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் குடுத்த தீர்ப்புக்கு அப்புறம் போலீஸ் அதை மூடி மறைக்க முடியாதாம்.

பீஸ் விஷயத்துல சுத்தம். பெயிலுக்கு இவ்வளவு, பிராசிக்யூட்டருக்கு (அரசு வக்கீல்) எழுதிக் குடுக்க இவ்வளவு, டிரையல்னா ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு, முன்பணம் டிரஸ்ட் அக்கவுண்ட்ல (கட்சிக்காரங்க காசைத் தனியா வெக்கற கணக்கு) போகுது. மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல அட்டர்னியே (நாம நேராப் போய்ப் பாக்கற வக்கீல்) வாதாடலாம், பெரிய கேஸ் ஹைகோர்ட்டுக்குப் போனா அட்வகேட் (கோர்ட்ல வாதாடறதுக்குன்னே இருக்கற வக்கீல்) தனியா வெப்பாங்க, அதுக்கு வேற காசு, அதை முன்னாடியே கேட்டுக்கணும். பிடெலிட்டி பண்ட் சர்டிபிகேட் (நம்ம காசை வாங்கி வெக்க வக்கீலுக்கு வேண்டிய சான்றிதழ்) இருக்கான்னும் கேளுங்க, கூச்சப்பட ஒண்ணுமில்ல. பேரு ரிஜிஸ்டர்ல இருக்கான்னு வக்கீல்களைப் பதிவு பண்ற லீகல் பிராக்டிஸ் கவுன்சில்ல பாக்கலாம், 2018 நவம்பர்ல இருந்து பழைய லா சொசைட்டிகளுக்குப் பதிலா இவங்கதான். ஜெயிச்சாதான் பீஸுன்னு யாராவது கிரிமினல் கேஸுக்குச் சொன்னா நம்பாதீங்க, சட்டமே அதை விடாது.

ஒரு ஸ்டார் குறைச்சது எதுக்குன்னா, காலைல போனே எடுக்க மாட்டாரு, கோர்ட்ல இருப்பாரு, சரி, ஆனா ரிசப்ஷன்ல இருக்கற ஆன்ட்டி மெசேஜை எழுதி வெக்கறதும் இல்ல. ஒரு தேதிக்கு ஜூனியரை அனுப்பிட்டாரு, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல, சொம்ட்சியு ரோடு கோர்ட் வராண்டாவுல அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாம மச்சான் முழிச்சிக்கிட்டு நின்னான்.

காசு இல்லாதவங்க, இலவசமா வக்கீல் குடுக்கற லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவுக்குப் போங்க, 0800 110 110 ப்ரீ நம்பர். வருமானம், சொத்து எல்லாம் பாத்துதான் குடுப்பாங்க, வக்கீலை நாம தேர்ந்தெடுக்க முடியாது. ஓசி வக்கீல்னா மட்டம்னு நம்ம ஆளுங்க பேசறது வெறும் பந்தா, தினம் அதே கோர்ட்ல நிக்கிறவங்களுக்கு எந்த பிராசிக்யூட்டர் எப்படின்னு நல்லாவே தெரியும்.

இங்கிலீஷ் தடுமாறுறவங்களுக்கு ஒண்ணு. 1894ல இதே டர்பன்ல முதலாளி அடிச்சு பல்லு உடைஞ்சு காந்தி ஆபீஸுக்கு ஓடின பாலசுந்தரம் தமிழ் ஆளு, அவர் சொன்னதை காந்திக்குப் புரிய வெச்சது ஆபீஸ்ல இருந்த தமிழ் கிளார்க்கு. இப்ப அப்படி கிளார்க்கெல்லாம் கெடைக்க மாட்டாங்க, அங்கிளுக்கே வணக்கத்தைத் தாண்டித் தமிழ் வராது. ஆனா நமக்குப் புரியற பாஷையில விசாரிக்கணும், இல்லைன்னா மொழிபெயர்த்துச் சொல்லணும்னு அதே 35ஆம் பிரிவுல இருக்கு. எங்க மச்சான் மாதிரி எல்லாத்துக்கும் எஸ் எஸ்னு தலையாட்டற ஆளா இருந்தா, தமிழ் இன்டர்பிரட்டர் வேணும்னு வக்கீல்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, டிரையல் அன்னைக்குக் காலைல கேட்டா ஆள் கெடைக்காம தேதிதான் தள்ளிப் போகும்.