பிரிண்டர் பழுதுக்கு உதவி எண் தேடி ஏமாந்த கதை: திரையில் காட்டும் 'ஆதாரங்களை' நம்பிவிடாதீர்கள்

எங்கள் வீட்டு ரவுட்டரை மாற்றிய மறுநாள் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டத் தொடங்கியது. வாசலில் பொருத்தியிருந்த கேமராவும் கைப்பேசியில் தெரியவில்லை. இரண்டும் ஒருசேர நின்றுபோனதற்கு ரவுட்டர்தான் காரணமாக இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, பிரிண்டர் நிறுவனத்தின் பெயரோடு 'உதவி எண்' என்று இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தேன். அது விளம்பரம் என்பதும், அந்த நிறுவனத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பேசியவர் மிகுந்த மரியாதையோடு, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ஒரு செயலியை நிறுவச் சொல்லி, அதில் தோன்றிய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பின் பிரிண்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஈவென்ட் வியூவரைத் திறந்து, அதில் சிவப்பும் மஞ்சளுமாக நிறைந்திருந்த பதிவுகள் அத்தனையும் வைரஸ் என்றார். கறுப்புத் திரையில், கணினியின் இணைய இணைப்புகளைப் பட்டியலிடும் 'நெட்ஸ்டாட்' என்ற கட்டளையைத் தட்டச்சு செய்து, 'ஃபாரின் அட்ரஸ்' என்ற தலைப்பின்கீழ் வந்த எண்களைக் காட்டி, வெளிநாட்டில் இருந்து யாரோ எங்கள் கேமராவைப் பார்ப்பதாகச் சொன்னார். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். நான் பதறிப்போய், 'பாதுகாப்புத் திட்டம்' ஒன்றுக்கு வங்கி அட்டையின் விவரங்களைக் கொடுத்துவிட்டேன்.

அவர் காட்டிய எதுவுமே பழுதின் அடையாளம் அல்ல. ஈவென்ட் வியூவர் என்பது விண்டோஸின் நாட்குறிப்பு; ஏதோ ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூட அங்கே பதிவாகிவிடும் என்பதால், நல்ல நிலையில் உள்ள கணினியிலும் பிழைகளும் எச்சரிக்கைகளும் இருக்கவே செய்யும். 'ஃபாரின் அட்ரஸ்' என்பதற்கு இணைப்பின் மறுமுனை என்றுதான் பொருள், வெளிநாடு என்று அல்ல. முகவரியின் இறுதியில் 443 என்று இருந்தால் பெரும்பாலும் அது நாம் திறந்து வைத்திருக்கும் இணையப் பக்கமோ, பின்னணியில் இயங்கும் செயலியோ வைத்திருக்கும் வழக்கமான இணைப்பாகவே இருக்கும். 888DCA60 என்று தொடங்கும் நீண்ட குறியீட்டைக் காட்டி, 'இது உங்கள் கணினிக்கே உரிய உரிம எண்' என்று சொல்வதும் இவர்களின் வழக்கம். அது விண்டோஸ் கணினிகளில் பொதுவாக ஒன்றுபோலவே இருக்கும் குறியீடு.

கோளாறைச் சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிரிண்டரின் திரையில் புதிய வைஃபையைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்து, கணினியில் இருந்த பழைய பிரிண்டரை நீக்கி மீண்டும் சேர்த்தவுடன் அச்சு வந்தது. எங்கள் கேமரா 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும் வகை. புதிய ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருந்ததால் கேமரா அதனுடன் இணைய முடியாமல் தடுமாறியது. 2.4-க்குத் தனிப்பெயர் கொடுத்ததும் வேலை செய்தது.

என்னைப் போல் யாரையாவது உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால், முதலில் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வங்கியை உடனே அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சல், வங்கி, கேமரா ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு கருவியில் இருந்து மாற்றுங்கள். அந்தத் தொலைச்செயலியையும் மறக்காமல் நீக்குங்கள். என் கணினியில் அவர்கள் அனுமதி கேட்காமலே எப்போது வேண்டுமானாலும் நுழையும்படி அதை அமைத்து வைத்திருந்தார்கள். முடிந்தால், கோப்புகளை மட்டும் பிரதியெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவதே நல்லது.

சில நாட்கள் கழித்து, பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அதற்குக் கணினியை இயக்கி வைக்கும்படியும் மீண்டும் அழைப்பு வந்தது. அதுவும் அதே கும்பல்தான் என்று புரிந்துகொண்டு, உடனே இணைப்பைத் துண்டித்தேன்.