1,14,800 ரூபாய் கொடுத்துப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன், உள்ளே இருந்தது யாரோ திருப்பிக் கொடுத்த மதர்போர்டு

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 1,14,800 ரூபாய். புதிதாக அசெம்பிள் செய்து வாங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கல்யாண வீடியோ எடிட்டிங் எனக்குத் தொழில். பழைய லேப்டாப்பில் 4கே கிளிப் ஒன்றை இழுத்துப் போட்டாலே மூச்சு வாங்கும். தை பிறந்தால் ஆர்டர் குவியும், அதற்குள் நல்லதாக ஒன்று போட்டுவிடலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடை பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் என்று ஆரம்பிப்பார்கள், அதற்கும் சேர்த்துச் செலவழிக்க என்னிடம் பணம் இல்லை. மாடியில் உள்ள உதிரிபாகக் கடை, பாகங்களை நாம் தேர்ந்தெடுத்தால் அவர்களே மாட்டித் தருவார்கள். அந்தத் தெருவில் அப்படி நிறையக் கடைகள் இருக்கின்றன, நல்ல கடைகளும் உண்டு. எனக்கு வாய்த்தது இது.

நான் வாயைத் திறந்து விலை கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சிக்கு எந்த ஊரு? பேச்சு நம்ம பக்கம் மாதிரி இருக்கே" என்றார். அம்பாசமுத்திரம் என்றேன். "அட, எங்க அம்மாவுக்குக் கல்லிடைக்குறிச்சில்லா!" அவ்வளவுதான். ஸ்டூல் வந்தது, காபி வந்தது. நான் எழுதிக்கொண்டு போயிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்து, "ரைசன் 7 7700 ப்ராசசர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம். சரியாத்தான் எழுதியிருக்கீய. ரேம் விலை நாளுக்கு நாள் ஏறுது, இன்னைக்கே முடிச்சிருங்க" என்றார். ரேம் விலை ஏறுவது உண்மைதான், அதில் பொய் இல்லை. பக்கத்துக் கடையிலும் விலை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தபோது கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நம்ம ஊர்க்காரருக்கு நான் தப்பாப் போடுவனா அண்ணாச்சி?" ஜிபேயில் 1,14,800 ரூபாயை அனுப்பினேன்.

மாட்டித் தர ஒரு பையன் உட்கார்ந்தான். மற்ற பாகங்கள் எல்லாம் வந்து சேரும் மதர்போர்டை உள்ளே ஒரு அறைக்குக் கொண்டுபோய் ப்ராசசரைப் பொருத்திக்கொண்டு வந்தான். வெளியே இடமில்லையாம். எல்லாம் முடிந்ததும் பட்டனைத் தட்டினான். விசிறிகள் சுற்றின, கேபினெட் முழுக்க ஊதாவும் பச்சையுமாக எரிந்தது. திரையில் காட்டச் சொன்னேன். "மானிட்டர் எல்லாம் வேற கஸ்டமருக்கு மாட்டியிருக்கு சார். ஃபேன் ஓடுதுல்ல, எல்லாம் ஓகே. வீட்ல போய் விண்டோஸ் போட்டுக்கோங்க."

விசிறி சுற்றினால் மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் பொருள். ப்ராசசர், ரேம் எல்லாவற்றையும் போர்டு தானே சோதித்துத் தேறினால்தான் திரையில் எழுத்து வரும். அந்தக் கடையில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும்.

வீட்டில் மாட்டினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு எரியும். எனக்கு டிராம், அதாவது ரேமுக்கான விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. கடைக்குப் போன் செய்தேன். "மொத தடவை அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி, மெமரி ட்ரெயினிங். ஒரு காபி குடிச்சிட்டு வாங்க." இந்த வகைப் போர்டுகளில் டிடிஆர்5 ரேம் முதல்முறை போர்டோடு ஒத்துப்போகச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் என்பது நிஜம். அதனால் நம்பிக் காத்திருந்தேன். காபி குடித்தேன், சாப்பிட்டும் முடித்தேன். விளக்கு அப்படியே இருந்தது.

மறுபடி அழைத்தால், "உங்க வீட்ல எர்த் சரியில்ல சார்." அதே பிளக்கில் லேப்டாப், மானிட்டர், சார்ஜர் எல்லாம் ஓடுகின்றன. அடுத்து, "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் பேசச் சொல்றேன்." அதற்கும் அடுத்து, "ஹலோ, யாரு பேசறது? என்ன பில் நம்பர்?" வாட்ஸப்பில் படம் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது.

அப்புறம்தான் எங்கள் தெருவில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தான். ப்ராசசருக்குத் தனியாக வரும் 8 பின் ஒயர் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பார்த்தான், இறங்கியிருந்தது. ஒரு ரேமை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் ப்ராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டான், பிறகு மாற்றிப் போட்டான். ஸ்விட்சை அணைத்து, போர்டின் பழைய அமைப்புகள் அழியட்டும் என்று அதிலுள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டினான். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளைப் போர்டிலேயே செருகினான், 7700 ப்ராசசரில் சின்ன கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. எதற்கும் அசையவில்லை. கடைசியில் தன் கடையில் ஓடிக்கொண்டிருந்த டிடிஆர்5 ரேம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். அதே விளக்கு. "அண்ணே, ரேம் மேல தப்பில்ல. கழட்டிப் பாத்துரலாமா? நீங்க மொபைல்ல வீடியோ எடுங்க, விடாம எடுங்க" என்றான்.

எடுத்தேன். இதில் மட்டும் எனக்குத் தொழில் கைகொடுத்தது. கூலரைக் கழற்றி, லீவரைத் தூக்கி, ப்ராசசரை எடுத்தான். ப்ராசசர் உட்காரும் இந்தச் சாக்கெட்டில் பின்கள் ப்ராசசரில் கிடையாது, போர்டில்தான் இருக்கும். மயிரிழை போன்ற தங்கநிறப் பின்கள், மொத்தம் 1718. டார்ச் அடித்து சாய்வாகப் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து வரிசையாக நிற்கின்றன, ஒரு மூலையில் மட்டும் இரண்டு பின்கள் எதிர்ப்பக்கம் மடங்கிப் படுத்திருந்தன. அவற்றுக்கு இடையில் காய்ந்து பொருக்குத் தட்டிய வெள்ளைப் பேஸ்ட், ப்ராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தப் பூசுவது. எங்கள் கூலரில் வந்தது சாம்பல் நிறப் பேஸ்ட், அது இன்னும் ஈரமாக இருந்தது. போர்டைக் கேபினெட்டில் முடுக்கும் ஓட்டைகளைச் சுற்றிப் பார்த்தால் ஸ்க்ரூ தேய்ந்த வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக.

"அண்ணே, இது புது போர்டு இல்ல. பெட்டி எங்க?"

பெட்டியில் ஒரு சீரியல் எண், போர்டில் ஒட்டியிருந்த எண் வேறு.

வீடியோவோடு கடைக்குப் போனேன். என் ஊர்க்காரர் எழுந்திருக்கக்கூட இல்லை. "இத யாரு கழட்டினது? பின்னு வளைஞ்சா ஃபிசிக்கல் டேமேஜ் சார், வாரண்டி வராது." சீரியல் எண்ணைக் காட்டினேன். "பேக்கிங்ல மாறியிருக்கும்." சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது' என்ற அறிவிப்பைக் காட்டினார். வேண்டுமென்றால் வேறு போர்டு 11,000 ரூபாய்க்குத் தருவாராம், எனக்காக விலை குறைத்து! ஏற்கெனவே 1,14,800 கொடுத்தவனிடம்.

போர்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கும் போய்ப் பார்த்தேன். மாடலும் சீரியல் எண்ணும் உள்ள பில் இருந்தால்தான் பேசவே முடியும் என்றார்கள். என் பில்லை எடுத்து விரித்தால், 'கம்ப்யூட்டர் செட் – 1', தொகை, ஜிஎஸ்டி, கையெழுத்து. எந்தப் பாகத்தின் பெயரும் இல்லை. இப்படி எழுதுவதே இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. இதற்கிடையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வீடியோ எப்போது வரும் என்று தினமும் போன். பழைய லேப்டாப்பில் ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடுகிறது.

1915 எண்ணுக்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாதபோது 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. சுவரில் என்ன எழுதி ஒட்டினாலும் சரி. மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது தலை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: பெட்டிகளை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், சாக்கெட் மூடியைத் திறக்கும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் ஒவ்வொரு பாகமும் சீரியல் எண்ணோடு வர வேண்டும். திரையில் பயாஸ் பக்கம், அதாவது விண்டோஸ் போடும் முன்பே போர்டு காட்டும் அமைப்புப் பக்கம், தெரியாமல் பணம் அனுப்பாதீர்கள். உள்ளே அறைக்குக் கொண்டுபோனால் கூடவே போங்கள்.

இன்னொன்று. என் பெட்டிக்குரிய போர்டு வேறு யாரிடமோ இருக்கிறது. ரிச்சி தெருவில் சமீபத்தில் பி650 போர்டு வாங்கியவர்கள் பெட்டி எண்ணையும் போர்டு எண்ணையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.