கே.ஜே.வி., என்.ஐ.வி., இ.எஸ்.வி.: பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர் எந்த ஸ்டடி பைபிளை வாங்கலாம்?

எங்கள் சபையில் திடப்படுத்தல் ஆராதனை நெருங்கினால் எனக்கு ஒரு கேள்வி நிச்சயம் வரும்: “பிள்ளைக்கு இங்கிலீஷில் ஒரு நல்ல ஸ்டடி பைபிள் வாங்கிக் கொடுக்கணும், எதை வாங்கலாம்?” ஸ்டடி பைபிள் என்றால் வசனங்களுக்குக் கீழே விளக்கக் குறிப்புகளும் அச்சிட்ட பைபிள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். அப்பாவுக்கு கே.ஜே.வி. என்கிற கிங் ஜேம்ஸ்தான் பைபிள். பிள்ளையின் போனில் என்.ஐ.வி. (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்) இருக்கும். யாராவது ஒரு பாஸ்டர் இ.எஸ்.வி. (இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) என்று சொல்லியிருப்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டு ஜெபத்தில் தமிழில் எதை வாசிக்கிறீர்கள்?

“பழைய மொழிபெயர்ப்புதான், வேறெது?” என்பார்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த வேலையின் வழியில் வந்தது அது. மூலத்தின் சொல்லை லேசில் விட்டுவிடாத நடை. புதிய ஏற்பாட்டில் அது பின்பற்றுவதும் கிங் ஜேம்ஸுக்கு ஆதாரமாயிருந்த அதே கிரேக்கப் பாட மரபைத்தான். அப்போஸ்தலர் 8:37ம் 1 யோவான் 5:7ம் அதில் முழுசாக இருப்பதே அடையாளம். ஆக, சொல்லுக்குச் சொல் போகிற பைபிள் ஒன்று ஏற்கெனவே உங்கள் நாக்கில் இருக்கிறது. பக்கத்தில் வைக்க வாங்குவது வேறு எதையாவது சொன்னால்தான் காசுக்கு அர்த்தம்.

கிங் ஜேம்ஸ்

1611இல் வெளிவந்தது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 1769இல் எழுத்து திருத்திய வடிவம். சத்தமாக வாசிக்க இதற்கு இணை இங்கிலீஷில் கிடையாது. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். சிக்கல் என்னவென்றால், புரியாத சொல்லால் ஆபத்தில்லை, அகராதியைப் பார்த்துவிடலாம். புரிந்தமாதிரி இருக்கும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி 1 தெசலோனிக்கேயர் 4:15ஐ கிங் ஜேம்ஸில் வாசித்தான். கர்த்தருடைய வருகையில் உயிரோடிருப்பவர்கள் நித்திரையடைந்தவர்களை ‘ப்ரிவென்ட்’ பண்ண மாட்டார்கள் என்று வருகிறது. “அதாவது நாம் அவர்களைத் தடுக்க மாட்டோம்” என்று விளக்கமும் கொடுத்துவிட்டான். பின் வரிசையில் இருந்த ஒரு பாட்டி தமிழ் வேதாகமத்தை விரித்து, “முந்திக்கொள்வதில்லைன்னுல்ல போட்டிருக்கு” என்றார். பாட்டி சொன்னதுதான் சரி. 1611இல் அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு முந்திப் போவது என்று பொருள். அதேபோல 1 பேதுரு 1:15இல் வரும் ‘கான்வர்சேஷன்’ பேச்சு அல்ல. தமிழில் ‘நடக்கை’ என்று தெளிவாக இருக்கிறது. தமிழில் நேராகப் புரிவதை இங்கிலீஷில் குழப்பிக்கொள்ள ஒரு புத்தகம் எதற்கு?

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் வருடந்தோறும் சுற்றும் செய்தி: “என்.ஐ.வி.யில் வசனங்களை நீக்கிவிட்டார்கள்!” திறந்து பார்த்தால் உண்மைதான், அப்போஸ்தலர் 8இல் 36க்கு அடுத்து 38 வருகிறது. ஆனால் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் 37ம் வசனம் இருக்கிறது, சில பிரதிகளில் இது உண்டு என்ற குறிப்போடு. கிங் ஜேம்ஸ் குழுவின் கையில் இருந்தது 1516இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் தொடங்கிவைத்த அச்சுப் பாடத்தின் வழி வந்தது. அவருக்குக் கிடைத்ததோ சில பிற்காலக் கையெழுத்துப் பிரதிகள். சீனாய் மலை மடத்தில் இருந்த நாலாம் நூற்றாண்டுப் பிரதி 19ஆம் நூற்றாண்டில்தான் வெளி உலகத்துக்கு வந்தது. அதில் இந்த வசனம் இல்லை. யாரும் கத்தரி எடுக்கவில்லை. பழைய பிரதிகள் பிந்திக் கிடைத்தன, அவ்வளவுதான். பழைய பாடம்தான் வேண்டும், இங்கிலீஷ் மட்டும் புரிந்தால் போதும் என்பவருக்கு 1982இல் முடிந்த நியூ கிங் ஜேம்ஸ் இருக்கிறது. பாடம் எங்கே வேறுபடுகிறது என்பதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் சொல்லிவிடும்.

சொல்லைப் பிடிப்பதா, பொருளைப் பிடிப்பதா

எந்த மொழிபெயர்ப்பு எப்பேர்ப்பட்டது என்று பார்க்க ஆமோஸ் 4:6ஐத் திறப்பேன். எபிரெயத்தில் ‘உங்களுக்குப் பற்களின் சுத்தத்தைக் கொடுத்தேன்’ என்று இருக்கிறது. சாப்பிட ஒன்றும் இல்லை, அதனால் பல்லில் ஒட்ட ஒன்றும் இல்லை. கிங் ஜேம்ஸும் இ.எஸ்.வி.யும் என்.ஏ.எஸ்.பி.யும் (நியூ அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் பைபிள்) பல் சுத்தத்தை அப்படியே வைத்திருக்கின்றன. என்.ஐ.வி. ‘வெறும் வயிறு’ என்கிறது. என்.எல்.டி. (நியூ லிவிங் டிரான்ஸ்லேஷன்) பசி என்றே சொல்லிவிடுகிறது. முதல் வகையில் தீர்க்கதரிசியின் நையாண்டி பிழைக்கிறது, ஆனால் புதிதாக வாசிப்பவன் பற்பசை விளம்பரம் என்று நினைத்தாலும் நினைப்பான். மற்றதில் பொருள் உடனே வருகிறது, நையாண்டி போய்விடுகிறது.

ரோமர் 3:25 இதைவிடக் கடினம். கிரேக்கத்தில் ‘ஹிலஸ்தேரியோன்’ என்ற ஒரு சொல். இ.எஸ்.வி. அதற்கு ‘ப்ரொபிஷியேஷன்’ என்று போடும். கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர்கூட ஒரு கணம் நிற்பார். என்.ஐ.வி. அதைப் பாவநிவிர்த்திக்கான பலி என்று விரிக்கிறது. இதே கிரேக்கச் சொல்தான் எபிரெயர் 9:5இல் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியைக் குறிக்கிறது. நம் தமிழில் அங்கே ‘கிருபாசனம்’, ரோமரில் ‘கிருபாதாரபலி’. ‘கிருபா’ என்ற தொடக்கம் இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. பல வருஷம் கழித்துத்தான் இதைக் கவனித்தேன். இந்த இடத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு என் மேஜையில் இருக்கும் இங்கிலீஷ் பைபிள்களைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது என்பது என் கட்சி.

இ.எஸ்.வி.யைப் பற்றி ஒரு வேடிக்கை. அது 2001இல் புதிதாக முளைத்ததல்ல, ஆர்.எஸ்.வி. (ரிவைஸ்டு ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) என்ற மொழிபெயர்ப்பின் 1971 பாடத்தை வாங்கித் திருத்தியது. 1952இல் ஆர்.எஸ்.வி. முழுசாக வந்தபோது ஏசாயா 7:14இல் ‘கன்னிகை’க்குப் பதில் ‘இளம்பெண்’ என்று போட்டதற்காக அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தையே கொளுத்தினார். அதே மரத்தில் ஒட்டுப் போட்டு, கன்னிகையைத் திரும்பக் கொண்டுவந்து வளர்த்த கிளையைத்தான் இன்று பழமைப் பற்றுள்ள சபைகள் கொண்டாடுகின்றன. நல்ல மொழிபெயர்ப்புதான். ஆனால் சங்கீதம் 23:1இல் ‘ஐ ஷல் நாட் வான்ட்’ என்பதைக் காதுக்குப் பழகியது என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ‘மேய்ப்பர் எனக்கு வேண்டாம்’ என்று ஒரு சிறுவன் புரிந்துகொண்டால் அவன் தப்பில்லை. என்.ஐ.வி. எனக்கு ஒன்றும் குறைவில்லை என்று நேராகச் சொல்கிறது. 2016இல் இ.எஸ்.வி. பதிப்பகத்தார் ஆதியாகமம் 3:16ஐ மாற்றி, இனி இந்தப் பாடம் மாறவே மாறாது என்று அறிவித்து, சில வாரங்களிலேயே அந்த அறிவிப்பைத் தவறென்று திரும்பப் பெற்ற கதையும் உண்டு.

என்.ஐ.வி.யிலும் ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகக் கடையில் வாங்கினால் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள்: 1984ஆ, 2011ஆ? நம் ‘மாம்சம்’ 1984இல் ரோமர் 8இல் பல இடங்களில் ‘பாவ சுபாவம்’ என்று இருந்தது. பவுல் சொல்லாத ஒரு இறையியலை உள்ளே நுழைக்கிறது என்ற விமர்சனம் எழுந்து, 2011இல் பெரும்பாலான இடங்களில் மாம்சமே திரும்ப வந்துவிட்டது. 2011இல் இன்னொரு மாற்றம், நிருபங்களில் சபையாரை அழைக்கும்போது ‘சகோதர சகோதரிகளே’ என்று வரும். இ.எஸ்.வி. ‘சகோதரரே’ என்று வைத்து, சகோதரிகளை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிடும்.

குறிப்புகள்தான் விலை

மொழிபெயர்ப்புகளை ஒப்பிட இன்று காசே வேண்டாம். போன் செயலியில் நாலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்டடி பைபிளில் நீங்கள் விலை கொடுப்பது கோட்டுக்குக் கீழே இருப்பதற்கு. அங்கே பேசுவது மோசேயும் பவுலும் அல்ல, ஒரு பேராசிரியர். எந்தப் பேராசிரியர் என்பதுதான் கேள்வி.

இது இன்று நேற்று வந்த தகராறு அல்ல. 1560 ஜெனீவா பைபிளில் யாத்திராகமம் 1:19க்கு ஒரு ஓரக்குறிப்பு: பார்வோன் ராஜாவுக்கு மருத்துவச்சிகள் கீழ்ப்படியாதது நியாயமே, பொய் சொன்னதுதான் தப்பு. ராஜா ஜேம்ஸுக்கு இது எப்படி இனிக்கும்? தன் பைபிளில் எபிரெய, கிரேக்கச் சொற்களை விளக்குவதற்கு மேல் ஓரக்குறிப்பே கூடாது என்று விதி போட்டார்.

1909இல் வந்த ஸ்கோஃபீல்டு ரெஃபரன்ஸ் பைபிள் அதை வேறு திசைக்குக் கொண்டுபோனது. வேத வரலாற்றை ஏழு யுகங்களாகப் பிரித்து, கடைசி காலத்துக்கு வரைபடம் போட்ட குறிப்புகள் அவை. பழைய விசுவாசிகளிடம் பேசிப் பாருங்கள். எது வசனம், எது ஸ்கோஃபீல்டு என்று அவர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. நான் பயப்படுவது இதற்குத்தான்.

அதனால் கடையில் அட்டையைத் தடவிப் பார்க்காமல், சபைகள் முட்டிக்கொள்ளும் இடங்களைத் திறக்கச் சொல்வேன்: 1 கொரிந்தியர் 13:8 (அந்நியபாஷை ஓய்ந்ததா), எபிரெயர் 6:4 (விசுவாசத்தை விட்டு விழுந்தவர் திரும்ப முடியுமா), வெளிப்படுத்தல் 20 (ஆயிரவருஷ அரசாட்சி). இரண்டு மூன்று கருத்தையும் சொல்லிவிட்டுத் தன் முடிவைச் சொல்கிறதா, ஒரே கருத்தை வசனம் மாதிரி நீட்டுகிறதா? 1997இல் வந்த மெக்ஆர்தர் ஸ்டடி பைபிள் ஒரே மனிதரின் குரல். தெளிவாக இருக்கும், அந்நியபாஷை ஓய்ந்துவிட்டது என்று போதித்தவர் அவர். பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளைக்கு அதைப் பரிசளித்துவிட்டு அப்புறம் என்னைக் கோபிக்கக் கூடாது.

2008இல் வந்த இ.எஸ்.வி. ஸ்டடி பைபிள் 2,752 பக்கம், ஏறத்தாழ 20,000 குறிப்பு. வெளிப்படுத்தல் 20க்கு ஆயிரவருஷ அரசாட்சி பற்றிய கட்சிகளை வரிசையாக வைக்கும். சீர்திருத்த (கால்வின் வழி) இறையியல் சாய்வு உண்டு, சபையில் பெண்கள் பொறுப்பு பற்றியும் ஒரு பக்கம்தான் நிற்கும். வரைபடங்களும் ஆலய ஓவியங்களும் அருமை. மடியில் வைத்து வாசிக்க முடியாது, மேஜை வேண்டும். வேதபாடம் எடுப்பவருக்கு இதுதான் என் பரிந்துரை.

1985இல் தொடங்கிய என்.ஐ.வி. ஸ்டடி பைபிள் அவ்வளவு ஆழமில்லை, ஆனால் சர்ச்சையான இடங்களில் நிதானம். 2020 திருத்தப் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். பழைய மொழிபெயர்ப்பு மனதில் இருக்கும் பிள்ளைக்கு என் கை முதலில் போவது இதற்குத்தான்: சொல் தமிழில் இருக்கிறது, பொருள் இங்கிலீஷில் வந்து சேரும். இங்கிலீஷே கொஞ்சம் தடுமாற்றம் என்றால் என்.எல்.டி.யில் வரும் லைஃப் அப்ளிகேஷன். ‘இது உனக்கு என்ன?’ என்று கேட்டுக்கொண்டே போகும். சரித்திரத்தைவிட புத்திமதி அதிகம், எனக்கு அது சீக்கிரம் அலுத்துவிடும்.

இறையியல் கல்லூரிக்குப் போகிறவர் என்.ஆர்.எஸ்.வி. (ஆர்.எஸ்.வி.யின் புதிய திருத்தம்) பாடத்தோடு வரும் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அன்னொடேட்டட் பைபிளைப் பார்க்கட்டும். ஏசாயா 40க்கு மேல் எழுதியவர் வேறு என்று படித்து முதல் நாளே அதிரக்கூடும். கத்தோலிக்கருக்கு 73 புத்தகமும் வேண்டும்: இந்தியாவில் இங்கிலீஷ் திருப்பலி வாசகங்கள் 2020 முதல் இ.எஸ்.வி. கத்தோலிக்கப் பதிப்பிலிருந்துதான், குறிப்புகளுக்கு இக்னேஷியஸ் ஸ்டடி பைபிள். செலவே வேண்டாம் என்பவருக்கு நெட் பைபிள் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் இந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள் என்று 60,000க்கும் மேற்பட்ட குறிப்புகள் இணையத்தில் இலவசம்.

இந்த வருஷம் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் மூன்று இடத்தையும் திறந்து அரை மணி நேரம் வாசித்து என்.ஐ.வி. ஸ்டடி பைபிளை எடுத்துக்கொண்டாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தனக்கென்று ஒரு தோல் அட்டை கிங் ஜேம்ஸைக் கையில் எடுத்தார். “அதெல்லாம் சரிதான் அண்ணே, ஆனா இருபத்திமூணாம் சங்கீதத்த இதுல வாசிச்சாத்தான் எனக்கு வாசிச்ச மாதிரி இருக்கு.”