மலைக்குமா ரேஷன்? அனுமதிச் சீட்டுக்குப் பின்னால் ஆறு ஆண்டுகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குத் தையல் வேலை எடுத்துச் செய்யும் சிறிய பட்டறை என்னுடையது. ஆண்டில் இரண்டு முறைதான் எனக்கு நீண்ட விடுமுறை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டால் திருப்பூரே காலியாகிவிடும். பட்டறையைத் திறந்து வைத்தாலும் ஈ ஓட்டத்தான் வேண்டும். அந்த நாட்களில் மலை ஏறலாம் என்று 2019-இல் ஆரம்பித்தது. அதிலிருந்து ஆறு ஆண்டுகளில் 14 பயணங்களுக்குத் திட்டம் போட்டேன். அனுமதி கிடைத்து ஏறியது ஐந்து.

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கோவைக்கு மேற்கே உள்ள வெள்ளியங்கிரி மலைக்குப் பல முறை போய் வந்தவர். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி ஒன்று வாங்கினால், அவரைப் பொறுத்தவரை அதுதான் சீட்டு. காட்டில் நடக்க இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும் என்று சொன்னபோது, “ஏன் சாமி, மலைக்குமா ரேஷன்?” என்று சிரித்தார். ஆமாம், ரேஷன்தான். அது வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளை வழிகாட்டியுடன், இணையவழி முன்பதிவுடன் அரசு திறந்தது. அனுமதி ஏன் என்று கேட்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. குரங்கணி என்று மட்டும் சொல்வேன்.

முதல் மூன்று ஆண்டுகள் நான் செய்தது முழுக்கத் தலைகீழ். மலையைத் தேர்ந்தெடுப்பேன், வாட்ஸ்அப்பில் பத்துப் பேரைச் சேர்ப்பேன், ரயில் டிக்கெட் எடுப்பேன், கடைசியாகத்தான் அனுமதிக்கு உட்காருவேன். அகத்தியர்கூடத்தில் இது நன்றாகவே அடி வாங்கியது. நாம் பொதிகை என்று பாடத்தில் படித்த அந்த மலைக்குக் கேரளப் பக்கத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் போணக்காட்டிலிருந்து பாதை. உயரம் 1,868 மீட்டர். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான் திறப்பு. ஒரு நாளைக்கு விடும் ஆட்கள் நூறைத் தாண்ட மாட்டார்கள். முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் எல்லா நாளும் இடம் தீர்ந்து சிவப்பாகிவிடும். பத்துப் பேரில் மூவருக்கு மட்டும் இடம் கிடைத்த ஆண்டில், யார் அந்த மூவர் என்பதில் ஏற்பட்ட மனக்கசப்பு அடுத்த தீபாவளி வரை நீடித்தது. இடம் கிடைக்காதவர்களில் ஒருவர் என் சொந்த மைத்துனர் என்பதால் வீட்டிலும் எனக்கு நல்ல பெயர் இல்லை.

இப்போது முறையை மாற்றிவிட்டேன். முதலில் அனுமதி, பிறகுதான் மற்றதெல்லாம். எந்த மலை எந்த மாதம் திறக்கும், முன்பதிவு எப்போது தொடங்கும் என்பது மட்டும் ஒரு நோட்டில் இருக்கும். ஆட்கள் இரண்டே பேர். ஒரு வாரத்தில் எந்த நாள் கிடைத்தாலும் வரத் தயார் என்பவரை மட்டும் சேர்ப்பேன். ஞாயிற்றுக்கிழமையைத் தொடவே மாட்டேன். இதில் கிடைத்ததுதான் 2023 ஜனவரி அகத்தியர்கூடம்: முதல் நாள் அதிருமலை முகாம், இரண்டாம் நாள் உச்சிக்குப் போய் முகாமுக்கே திரும்புதல், மூன்றாம் நாள் இறக்கம். உச்சிக்கு முன்னால் பொங்கலப்பாறை என்று ஓர் இடம் இருக்கிறது. ஊரில் பொங்கலை விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் உறுத்தியது. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏறும்போது அதெல்லாம் மறந்துபோனது.

படிவத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். படிவமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. உடன் வந்த நண்பர் அவசரத்தில் அப்பா பெயரை முழுதாக அடித்துவிட்டார். ஆதாரில் ஒற்றை எழுத்து. சோதனைச் சாவடியில் அரை மணி நேரம் விளக்கம் சொன்னோம். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் முழுதாக இருந்ததால் தப்பித்தோம். இப்போது அடையாள அட்டையில் உள்ளதை எழுத்து மாறாமல் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விசைப்பலகையைத் தொடுகிறேன். அசல் அட்டையும் கையில் இருக்க வேண்டும். அகத்தியர்கூடத்துக்கு இப்போது உடல்தகுதிக்கு மருத்துவர் சான்றும் கேட்கிறார்கள்.

பணம் போய்ச் சீட்டு வராத அனுபவமும் உண்டு, வேறொரு மலைக்கு. 19 நாள் கழித்துப் பணம் திரும்பியது. அதைவிடக் கசப்பானது தரகர் விவகாரம். இரு மடங்கு விலைக்கு ‘உறுதியான அனுமதி’ என்று ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய சீட்டை நம்பி நால்வர் போனோம். சாவடியில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் அது வேறு யாருடைய பெயரிலோ இருந்தது. வனக் காவலர் திட்டவில்லை. எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

சீட்டு இல்லாத ஆண்டுகளுக்கு என்று கையில் எப்போதும் ஒரு மலை வைத்திருக்கிறேன். காட்டுத்தீக் காலம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தமிழகத்தின் மற்ற பாதைகளை மூடும்போது, வெள்ளியங்கிரியில் பக்தர்கள் ஏழு மலையும் ஏறிக்கொண்டிருப்பார்கள். இந்த விசித்திரத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டால் ஆண்டு வீணாகாது. ஆனால் அதை எளிது என்று நினைத்துவிடாதீர்கள். இரவில் ஏறி, ஏழாவது மலையில் விடியலைப் பார்த்துவிட்டு வெயிலில் இறங்கும்போதுதான் முட்டி பேசும். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்களை ஏற வேண்டாம் என்று சொல்வது ஒப்புக்கு அல்ல. ஒவ்வொரு பருவத்திலும் அங்கே உயிரிழப்புச் செய்தி வருகிறது. கொல்லிமலை ஆகாய கங்கை அருவி இன்னொரு மாற்று. ஆயிரத்துக்கு மேல் படி, முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். பயிற்சிக்குச் சென்னிமலையின் 1,320 படிகள் போதும். மாதம் இருமுறை, முதுகில் ஐந்து கிலோ அரிசியுடன். மலைக்கு அரிசி சுமந்து வருவதைப் பார்த்த பாட்டி ஒருவர் அன்னதானத்துக்கா என்று கேட்டார். அன்று கொடுத்துவிட்டு வந்தேன்.

வழிகாட்டிக்கான கட்டணம் வீண் என்பவர்கள் ஆனைமலைக் காட்டில் உள்ள டாப்சிலிப் பக்கம் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். எங்களை அழைத்துப் போன மலசர் பழங்குடி இளைஞர் திடீரென்று நின்று கையைக் காட்டினார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை, கேட்கவில்லை. அவருக்கு வாசனை வந்திருந்தது. நாற்பது நிமிடம் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பிறகு மூங்கில் முறியும் சத்தம், இரண்டு யானைகள், ஒரு குட்டி. அட்டைப்பூச்சிக்கு மூக்குப்பொடியும் உப்பும் கலந்து காலுறையில் தடவச் சொன்னவரும் அவர்தான். கடையில் வாங்கிய களிம்பைவிட அது நன்றாகவே வேலை செய்தது.

ஷூ, பை, மழைக்கோட்டு பற்றியெல்லாம் கேட்கிறார்கள். விலை உயர்ந்தது எதுவும் என்னிடம் இல்லை. பழகிய ஷூ போதும், புதுசைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்.

வரும் ஜனவரிக்கு நோட்டில் மீண்டும் அகத்தியர்கூடம்தான், இந்த முறை மைத்துனருக்காக. முன்பதிவு நாள் அறிவித்ததும் நான் முதலில் பார்க்கப்போவது அன்றைய செய்தித்தாளின் மின்தடைப் பட்டியலை. போன தடவை சரியாகக் கட்டணப் பக்கம் திறந்தபோது எங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்பு.