எமரால்டு ஏரியா, மில்ஸ் ஏரியா?

கொலராடோவின் ராக்கி மலை தேசியப் பூங்காவில் நடக்க ஒரே ஒரு நாள் கிடைத்தால், பேர் ஏரிச் சாலையிலேயே இரண்டு நல்ல பாதைகள் இருக்கின்றன.

எமரால்டு ஏரிக்குப் போய்வர 6 கி.மீ.க்குள்தான். வழியிலேயே நிம்ஃப், ட்ரீம் என்று இன்னும் இரண்டு ஏரிகள். கோடையில் நிம்ஃப் ஏரியின் மேல் மஞ்சள் அல்லி பூத்திருக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் கூட்டம் அதிகம்.

என் ஓட்டு மில்ஸ் ஏரிக்கே. போய்வர சுமார் 9 கி.மீ. கிளேசியர் கோர்ஜிலிருந்து கிளம்பி ஒன்றரை கி.மீ.க்குள் ஆல்பர்ட்டா அருவி வந்துவிடும்; ஜூனில் பனி உருகும்போது அதன் வேகமே தனி. பலர் அங்கேயே திரும்பிவிடுவதால், அதற்கப்புறம் பாதை அமைதியாகிறது. ஏரிக்கரையில் பனியாறு தேய்த்து வழுவழுப்பாக்கிய அகலமான பாறைகள் கிடக்கும். அதில் உட்கார்ந்து 4,346 மீட்டர் உயர லாங்ஸ் சிகரத்தை ஆற அமரப் பார்க்கலாம். 1915இல் இந்தப் பூங்கா உருவாகப் போராடிய ஈனோஸ் மில்ஸின் பெயர் இந்த ஏரிக்கு வைக்கப்பட்டது மிகவும் பொருத்தம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் விடிகாலையில் கிளம்புங்கள். கோடைப் பிற்பகலில் இடி மின்னல் சகஜம். இரண்டு பாதைகளும் 2,800 மீட்டருக்கு மேலேதான் தொடங்குகின்றன. மூச்சு வாங்கும், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் இந்தச் சாலைக்கு நேரம் குறித்த முன்பதிவும் வேண்டும்.