நூவோவா, என்விடியா டிரைவரா? பழைய கார்டுக்கு எது சரி

மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய பழைய என்விடியா கிராபிக்ஸ் கார்டைப் போட்டு உபுண்டு லினக்ஸ் ஓட்டுபவர்கள், கார்டை இயக்கும் டிரைவரைத் தேர்வதில்தான் திணறுகிறார்கள். நூவோ என்பது திறந்தமூல டிரைவர்; மற்றது என்விடியா நிறுவனமே தருவது.

நிறுவல்:
நூவோ – லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் வேண்டாம்.
என்விடியா – டிரைவர் மாட்யூலை (கெர்னலில் ஏறும் பகுதி) உங்கள் கணினியிலேயே கட்டமைத்தால் கெர்னல் ஹெட்டர் (அதற்குத் தேவையான கோப்புகள்) கட்டாயம். அப்போது செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இருந்தால் ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் மாட்யூலின் கையெழுத்துச் சாவியைப் பதிய வேண்டும். தவறவிட்டால் மாட்யூல் ஏறாது.

வேகம்:
நூவோ – ஜிடிஎக்ஸ் 1050 போன்ற பாஸ்கல் தலைமுறை கார்டு குறைந்த கடிகார வேகத்திலேயே நிற்கும். என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) இல்லாமல் வேகத்தை ஏற்ற முடியாது.
என்விடியா – முழு வேகம், கூடவே என்வெங்க் (கார்டிலேயே வீடியோவை என்கோட் செய்யும் வசதி).

பேக்கேஜ் மோதல்:
நூவோ – அநேகமாக இல்லை.
என்விடியா – தலைவலியே இங்குதான். என்விடியா தளத்திலிருந்து இறக்கிய ரன் ஃபைலையும் (நிறுவும் கோப்பு), உபுண்டுவின் ஆப்ட் நிறுவி தரும் பேக்கேஜையும் கலந்தால் லைப்ரரி ஒரு பதிப்பு, மாட்யூல் வேறு பதிப்பு ஆகிவிடும். ஸ்டீம் (கேம் தளம்), வைன் (விண்டோஸ் மென்பொருளை ஓட்டுவது) இவற்றுக்கான 32 பிட் லைப்ரரியும் 64 பிட்டின் அதே பதிப்பாக இருந்தே தீர வேண்டும். ஒன்று மட்டும் பிபிஏவிலிருந்து (உபுண்டுவுக்கு வெளியே உள்ள பேக்கேஜ் கிடங்கு) வந்தால் ஆப்ட் முரண்டு பிடிக்கும்.

தீர்வு: ரன் ஃபைலை அதன் அன்இன்ஸ்டால் வழியே முதலில் நீக்குங்கள். வெளி பிபிஏவை பிபிஏ-பர்ஜ் கொடுத்து எடுங்கள். என்விடியா, லிப்என்விடியா என்று தொடங்கும் எல்லா பேக்கேஜையும் பர்ஜ் (அமைப்புகளோடு முழுதாக நீக்கம்) செய்யுங்கள். பிறகு ஆப்ட் அப்டேட், உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால், ரீஸ்டார்ட். வரிசையை மாற்றாதீர்கள்.

நூவோவுக்கே திரும்புவதானால் மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் நூவோவைத் தடுக்கும் பிளாக்லிஸ்ட் வரி மிஞ்சியிருக்கிறதா பாருங்கள். நீக்கியதும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்பு) புதுப்பிக்க வேண்டும்.

பில் போடவும் டைப்பிங்குக்கும் நூவோ தாராளம். கல்யாண வீடியோ எடிட்டிங், பிளெண்டர் (3டி மென்பொருள்) என்றால் என்விடியாதான். ஜிடி 710 கார்டுக்கு 470 வரிசை என்விடியா டிரைவரே கடைசி. புதுக் கெர்னலில் அதன் மாட்யூல் கட்டமைக்கும்போதே தோற்கலாம். அந்தக் கார்டுக்கு நூவோவே என் பரிந்துரை.