நின்றுபோகும் சர்வரும் பின்வாங்கும் சர்வரும்: பாயிங்க் திட்டங்களுக்கு ரெப்ளிகாவா, டம்ப்பா?

தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளைக் கொண்டு அறிவியல் கணக்கீடுகளைச் செய்யும் திட்டங்களில் பல, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 2002ஆம் ஆண்டில் உருவாகத் தொடங்கிய பாயிங்க் மென்பொருளைச் சார்ந்தே இயங்குகின்றன. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் கணினிகளைப் பற்றி இவ்வளவு பேசும் ஏற்பாட்டின் நடுவில் இருப்பது என்னவோ ஒரே ஒரு மைஎஸ்கியூஎல் தரவுத்தளம்தான். எந்தப் பணி அலகு (கணக்கீட்டின் ஒரு துண்டு) எந்தக் கணினிக்கு அனுப்பப்பட்டது, எது எப்போது திரும்ப வேண்டும், எந்த முடிவு இன்னொருவரின் முடிவோடு ஒத்துப்போனது, யாருக்கு எவ்வளவு கிரெடிட் (செய்த கணக்கீட்டுக்கான புள்ளி) என்பன அனைத்தும் அதற்குள் இருக்கின்றன. அது போய்விட்டால், கணினிகள் சிதறி இருப்பதால் ஒரு பயனும் இல்லை. சிறிய திட்டம் ஒன்றின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தபோது, இந்தத் தரவுத்தளத்தை எப்படிக் காப்பது என்பதில் இரண்டு வழிகளுக்கிடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, முதன்மைத் தரவுத்தளத்தின் மாற்றங்களை உடனுக்குடன் பின்தொடரும் இன்னொரு நகலான ரெப்ளிகா. மற்றொன்று, தரவுத்தளம் முழுவதையும் இரவுதோறும் ஒரு கோப்பாக எழுதிவைக்கும் டம்ப்பும், அதனுடன் வேறிடத்தில் சேமிக்கப்படும் பைனரி லாக்கும் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதியும் பதிவேடு). நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த ஒப்பீடும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஒரே தரவைப் பல வட்டுகளில் எழுதிவைக்கும் ரெய்டு அமைப்பை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. வட்டு ஒன்று பழுதாகும்போது அது கைகொடுக்கும். தவறான கட்டளை ஒன்று ஓடும்போது எல்லா வட்டுகளிலும் அதே தவற்றை எழுதிவைக்கும். அது இருக்கட்டும், ஆனால் அதைப் பேக்கப் கணக்கில் வைக்க வேண்டாம்.

ரெப்ளிகாவின் நன்மைகள் பலரும் அறிந்தவை. முதன்மைத் தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் சில நொடிகளில் இரண்டாவது கணினிக்குப் போய்ச் சேர்கிறது. முதன்மைக் கணினி எரிந்துபோனாலும் மற்றொன்றை முன்னிறுத்தி அன்றைக்கே வேலையைத் தொடரலாம். இணையதளத்தின் பக்கங்களையும் புள்ளிவிவரங்களையும் ரெப்ளிகாவிலிருந்து படிக்கும்படி அமைக்கப் பாயிங்க்கிலேயே வசதி உண்டு என்பதால், முதன்மைத் தரவுத்தளத்தின் சுமையும் குறைகிறது. 1999 மே மாதத்தில் தொடங்கி 2020 மார்ச் இறுதிவரை பணி அலகுகளை வழங்கிய, வேற்றுக்கிரக அறிவைத் தேடும் செட்டி@ஹோம் திட்டம் ரெப்ளிகாவைப் பயன்படுத்தியது. அந்த அளவுக்குப் பயனர்கள் உள்ள திட்டத்துக்கு அது இன்றியமையாதது. குறைபாடும் வெளிப்படையானது: எந்தப் பதிவுகளை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையை மறந்துவிட்டு முடிவுகளின் அட்டவணையில் யாரேனும் அப்டேட் கட்டளையை ஓட்டிவிட்டால், ரெப்ளிகா அதையும் அதே பணிவோடு அடுத்த நொடியில் நிறைவேற்றிவிடும். மைஎஸ்கியூஎல் 5.6 முதல், வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கி வரும்படி ரெப்ளிகாவை அமைக்கலாம். அது நல்ல வசதிதான், ஆனால் தவறு நடந்ததை அந்தச் சில மணி நேரத்துக்குள் யாராவது கவனித்தாக வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைக்காத ஒரு திட்டத்தில், வெள்ளிக்கிழமை இரவு நடந்த தவறு திங்கட்கிழமைதான் கண்ணில் படும்.

என் தேர்வைத் தீர்மானித்தது இதுகூட அல்ல. தன்னார்வக் கணினித் திட்டங்கள், வங்கி அல்லது ரயில் முன்பதிவு போன்ற சேவைகளிலிருந்து ஒரு விஷயத்தில் அடிப்படையாகவே வேறுபடுகின்றன: அவை நின்றுபோவதை வியக்கத்தக்க அளவில் தாங்கிக்கொள்கின்றன, பின்னோக்கிப் போவதைத் தாங்குவதில்லை. ரெப்ளிகாவுக்காக நாம் செலவிடும் பணமும் உழைப்பும் பெரும்பாலும் முதல் ஆபத்தைக் குறைப்பதற்கே போகின்றன.

நின்றுபோவதை எப்படித் தாங்குகின்றன என்று பார்ப்போம். தன்னார்வலரின் கணினியில் ஓடும் நிரலான பாயிங்க் கிளையன்ட் ஒரு பணியை முடித்ததும், முடிவுக் கோப்புகளை முதலில் பதிவேற்றுகிறது. அதன் பிறகே தனியாக, சர்வரில் பணிகளை ஒதுக்கும் நிரலான ஷெட்யூலரைத் தொடர்புகொண்டு பணி முடிந்ததை அறிவிக்கிறது. பதிவேற்றத்தைக் கையாளும் நிரல் தரவுத்தளத்தை நம்பியிருப்பதில்லை. ஆகவே தரவுத்தளம் படுத்துக்கிடக்கும்போதுகூடக் கோப்புகள் வந்து சேர முடியும். ஷெட்யூலர் பதில் சொல்லாவிட்டால், கிளையன்ட் முடிவை வைத்துக்கொண்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் மீண்டும் மீண்டும் முயல்கிறது. கையில் வேறு பணிகள் இருந்தால் அவற்றைச் செய்துகொண்டிருக்கும்; பயனர் வேறு திட்டங்களிலும் சேர்ந்திருந்தால் அவற்றுக்கு உழைக்கும். காலக்கெடு கடக்காதவரை, ஒரு நாள் முழுவதும் சர்வர் இல்லாமல் போனாலும் எந்தக் கணக்கீடும் வீணாவதில்லை. செட்டி@ஹோம் பல ஆண்டுகளாகச் செவ்வாய்தோறும் திட்டத்தை நிறுத்தித் தரவுத்தளத்துக்குப் பேக்கப் எடுத்துவந்தது என்பதும், அந்த வழக்கத்துக்குத் தன்னார்வலர்கள் பழகிப்போயிருந்தார்கள் என்பதும் இதற்குப் போதுமான சான்று.

பின்னோக்கிப் போவது வேறு கதை. நேற்றிரவு இரண்டு மணிக்கு எடுத்த பேக்கப்பை இன்று மாலை மீட்டால், நடுவில் உள்ள நேரம் சர்வரின் நினைவிலிருந்துதான் அழிகிறது; தன்னார்வலர்களின் கணினிகளில் அது அப்படியே இருக்கிறது. அந்த இடைவெளியில் உருவாக்கி அனுப்பப்பட்ட பணிகள் அவர்களிடம் ஓடிக்கொண்டிருக்கும். முடித்து அனுப்பும்போது, அப்படி ஒரு பணியே தனக்குத் தெரியாது என்று சர்வர் சொல்லும். அன்று புதிதாகச் சேர்ந்தவரின் கணக்கு காணாமல் போயிருக்கும். அன்று சேர்ந்த கணினிக்கு வழங்கப்பட்ட எண், எண்கள் தானாகவே ஏறும் அட்டவணையில் மீண்டும் பழைய இடத்திலிருந்து தொடங்குவதால், வேறொருவரின் கணினிக்குப் போய்விடும். அன்று வழங்கப்பட்ட கிரெடிட்டும் இல்லை. கிரெடிட்டுக்குப் பணமதிப்பு எதுவும் கிடையாது என்றாலும், ஆண்டுக்கணக்கில் மின்கட்டணம் செலுத்தியவர் அதைக் குறைத்துப் பார்க்க மாட்டார்.

இவற்றைவிட மோசமானது கோப்புகளின் நிலை. ஒரு பணி அலகின் முடிவுகள் ஒத்துப்போய், அறிவியல் தரவாகச் சேர்க்கப்பட்ட பிறகு, அதன் உள்ளீட்டுக் கோப்புகளையும் முடிவுக் கோப்புகளையும் நீக்குவதற்கென்றே ஒரு நிரல் பின்னணியில் ஓடுகிறது. பழைய தரவுத்தளத்தை மீட்டால், இன்னும் முடியாத பணி என்று அது நம்பும் ஒன்றின் உள்ளீட்டுக் கோப்பு வட்டில் இருக்காது. சர்வர் அதைத் தயக்கமின்றி வேறொரு தன்னார்வலருக்கு ஒதுக்கும். அவருடைய கணினி பதிவிறக்க முயன்று தோற்கும். சர்வர் இன்னொருவருக்கு ஒதுக்கும். பிழைகளின் எண்ணிக்கை வரம்பைத் தொடும்வரை இது தொடரும். தரவுத்தளம், கோப்பு வட்டு, தன்னார்வலர்களின் கணினிகள் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். நாம் பேக்கப் எடுத்து மீட்கக்கூடியவை முதல் இரண்டு மட்டுமே.

ஆகவே, எந்த முறை தரவுத்தளத்தை மிகக் குறைவாகப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதே கேள்வி. இரவு டம்ப் மட்டும் என்றால் பதில் மோசமானது: அதிகபட்சம் ஒரு நாள். பைனரி லாக்கையும் சேர்த்தால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. டம்ப்பை மீட்டு, அதன் பிறகான லாக்கை ஓட்டினால், விபத்து நடந்த நொடிக்குச் சற்று முன்புவரை வந்து நிற்கலாம். தவறான கட்டளை ஒன்றுதான் காரணமென்றால், அதை மட்டும் தாண்டிவிட்டு அதற்குப் பின்னுள்ளவற்றையும் ஓட்ட முயலலாம், எனினும் அடுத்தடுத்த மாற்றங்கள் அதைச் சார்ந்திருந்தால் இது எளிதல்ல. வட்டு எரிந்தால் லாக்கும் சேர்ந்து எரியுமே என்ற கேள்வி நியாயமானது. அதற்காகத்தான், மைஎஸ்கியூஎல்லோடு வரும் கருவியைக் கொண்டே லாக்கைத் தொடர்ச்சியாக வேறொரு கணினிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கணினியில் தரவுத்தளம் எதுவும் ஓட வேண்டியதில்லை. பழைய, மெதுவான பெட்டி ஒன்றே போதும். ரெப்ளிகாவுக்கோ முதன்மைக் கணினிக்கு நிகரான நினைவகமும் வட்டும் வேண்டும். இல்லையென்றால் அது நாளுக்கு நாள் பின்தங்கும்.

டம்ப் எடுப்பதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைஎஸ்கியூஎல் தரவைச் சேமிக்கும் வகைகளில் ஒன்றான இன்னோடிபி அட்டவணைகளை ஒரே பரிவர்த்தனைக்குள் டம்ப் எடுத்தால், திட்டத்தை நிறுத்தாமலேயே ஒரு கணத்தின் ஒருங்கிணைந்த நிலை கிடைக்கும். மைஐஎஸ்ஏஎம் என்ற பழைய வகை அட்டவணைகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆண்டுகள் பலவாக ஓடும் திட்டங்களில் அத்தகைய அட்டவணைகள் மீந்திருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

கோப்புகளின் சிக்கலுக்குத் தீர்வு பாயிங்க்கின் அமைப்பிலேயே இருக்கிறது: பணி முடிந்த பிறகு கோப்புகளை நீக்குவதைக் குறிப்பிட்ட மணி நேரம் தள்ளிப்போடலாம். இந்தத் தாமதம், இரண்டு பேக்கப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைவிட அதிகமாக இருந்தால், கடைசிப் பேக்கப்புக்குத் திரும்பினால் அதற்குத் தேவையான கோப்புகள் வட்டில் இருக்கும். வட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். அதுபோலவே, முடிந்துபோன பணிகளின் பதிவுகளைத் தரவுத்தளத்திலிருந்து அகற்றும் நிரல், அவற்றை எக்ஸ்எம்எல் கோப்புகளாக எழுதிவைக்க வல்லது. அந்தக் கோப்புகளையும் டம்ப்புடன் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவது நல்லது. கிரெடிட் விஷயத்தில் இன்னொரு ஆறுதலும் உண்டு: பல திட்டங்கள் பயனர், குழு, கணினி வாரியான கிரெடிட்டைத் தொகுத்து வெளியிடுகின்றன, புள்ளிவிவரத் தளங்கள் அவற்றை எடுத்துச் சேமிக்கின்றன. யாரும் கேட்காமலேயே நமக்கு ஒரு வெளி நகல் கிடைத்துவிடுகிறது.

தன்னார்வலர் தம் பக்கத்தில் பேக்கப் எடுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கிளைமேட்பிரெடிக்‌ஷன் திட்டத்தின் காலநிலை மாதிரிகள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஓடியதால், பாயிங்க் கோப்புறையை அவ்வப்போது நகலெடுத்து வைக்கும் பழக்கம் அங்கே இருந்தது; அவ்வளவு நீண்ட பணிக்கு அது பொருத்தமானதே. சில மணி நேரத்தில் முடியும் பணிகளுக்கு இதனால் பயனில்லை, தீங்கும் நேரலாம். ஒவ்வொரு தொடர்பின்போதும் கிளையன்ட் ஒரு வரிசை எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறது. பழைய கோப்புறையை மீட்டால் அந்த எண் சர்வர் எதிர்பார்ப்பதைவிடக் குறைந்துவிடும். சர்வர் அதை நகலெடுக்கப்பட்ட வேறொரு கணினி என்று கருதிப் புதிய கணினி எண் கொடுத்துவிடும். தொலைந்த பணிகளைச் சர்வரே மறுபடி அனுப்பும் வசதியை இயக்கிவிடுவது இதைவிட எளிது.

என் தேர்வின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். டம்ப்பை மீட்பது மெதுவான வேலை. அட்டவணைகள் பெருத்துவிட்டால், மீட்டு முடிக்க நாள்கணக்கில் ஆகலாம். லாக்கை ஓட்டுவதற்கு அதற்கு மேலும் ஆகும். அந்த அளவில், தரவுக் கோப்புகளையே நேரடியாக நகலெடுக்கும் பெர்கோனா எக்ஸ்ட்ராபேக்கப் போன்ற கருவி டம்ப்பின் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பைனரி லாக்கின் இடத்தை அதனாலும் எடுக்க முடியாது. பெரிய தரவுத்தளத்தில் அதைப் பயன்படுத்திய அனுபவம் எனக்கு இல்லாததால், அதைப் பரிந்துரைக்கிறேன் என்று சொல்லும் தகுதியும் இல்லை. பணிகளின் காலக்கெடு ஒன்றிரண்டு நாள்களே என்றிருக்கும் திட்டங்களுக்கும் என் வாதம் பொருந்தாது. அங்கே நின்றுபோவதே பெரிய இழப்பு, ரெப்ளிகாதான் சரி. இரண்டுக்கும் வசதி இருப்பவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு, டம்ப்பை ரெப்ளிகாவிலிருந்து எடுக்கலாம். முதன்மைத் தரவுத்தளத்துக்கு அதனால் எந்தச் சுமையும் இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மீட்ட பிறகு எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் இயக்கிவிடக் கூடாது. கோப்புகளை நீக்கும் நிரலும் பழைய பதிவுகளை அகற்றும் நிரலும் கடைசிவரை நிறுத்தியே இருக்க வேண்டும். தானாக ஏறும் எண்களை, இழந்த இடைவெளியில் வழங்கப்பட்டிருக்கக்கூடிய அளவைத் தாண்டி முன்னே தள்ளிவைக்க வேண்டும். சர்வர் நின்றிருந்த நேரத்தில் காலக்கெடு கடந்துவிட்ட பணிகளுக்குக் கெடுவை நீட்டிவிட்டுத்தான் பணிகளின் நிலையை மாற்றும் நிரலை இயக்க வேண்டும். மறந்தால், அவை அனைத்தும் திரும்பாதவை என்று குறிக்கப்பட்டு, ஏற்கெனவே முடிந்து யாரோ ஒருவருடைய கணினியில் காத்திருக்கும் கணக்கீடுகளுக்கு மறுநகல்கள் கிளம்பிவிடும். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, பேக்கப் சேமிக்கப்படும் கணினியிலேயே ஒரு நகலை வைத்திருக்கிறேன். மீட்கும் நாளில் சர்வரில் உள்ள ஆவணங்களைத் திறக்க முடியாது.